சக்களத்திக்கு ஒரு தொட்டில்

பிரேக்கம்மாவுக்கு அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது அவளுடைய வலது கால். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஏறக்குறைய முப்பது வருஷம் அதன்மேலேயே பாதத்தை வைத்துப் பழகிவிட்டதால், சாப்பாட்டு மேஜைக்கு அடியிலும் அந்தக் கால் சும்மா இருக்காது. யாராவது கதை சொல்லும்போது "அப்பப் பாத்து எதிர்ல லாரி வந்துச்சு" என்றால் போதும், இவள் கால் தரையை மிதிக்கும்.

சும்மா இருப்பது அவளுக்குப் பிறவியிலேயே வராத காரியம். பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அடுத்த ஸ்டாப்புக்கு நடப்பாள்; பாதி வழியில் பஸ் அவளைத் தாண்டிப் போகும். கல்யாணமான புதிதில் அந்த டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எறும்பு ஊறுவது போல இருந்தது. ஒருநாள் சொல்லிக்கொடுப்பவருக்குக் காய்ச்சல். கற்றுக்கொள்ள வந்த பெண் வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். "லைசென்ஸ் இருக்கு, நான் போகட்டுமா" என்று இவள் முதலாளியைக் கேட்டாள். அன்றைக்கு ஏறிய சீட்டிலிருந்து இன்னும் இறங்கவில்லை. அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கும் பெண்களில் பாதிப் பேர் முதல் கியரை அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டே போட்டவர்கள்.

அவள் கணவர் நேர்மாறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு கண்ணாடியைக் காதுக்குப் பொருத்த அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார். அந்த அரைமணியும் பேசுவார். வந்தவருடைய காது, அவர் அப்பாவுடைய காது, போன வருஷம் இதேபோல் காது உள்ள ஒருவர் வந்த கதை. அவர் பேச்சைக் கேட்பதற்காகவே சிலர் நல்ல கண்ணாடியை வளைத்து எடுத்துக்கொண்டு வருவதாகக் கடையில் கேலி செய்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். பல் தேய்க்கும்போதுகூட நுரையோடு பேசுவார். அவள் பாதியைக் கேட்பாள், மீதியை வேலை பார்த்துக்கொண்டே காற்றில் விடுவாள். முப்பது வருஷமாக வீட்டில் ரேடியோ வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அவருக்கு ஒரு படகு இருந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன மரப்படகு, ஒரு ஜோடி துடுப்பு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஏரிக்குப் போய்விடுவார். பழைய சட்டையைக் கிழித்து அதைத் துடைப்பார், வார்னிஷ் அடிப்பார், அதனிடமும் பேசுவார். அவள் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. தண்ணீரில் பிரேக் கிடையாது என்பது அவள் சொன்ன காரணம். படகுக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. "சக்களத்தி வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்று கேட்டபடிதான் ஞாயிற்றுக்கிழமை டீயை அவர் கையில் கொடுப்பாள்.

அந்த வருஷம் அவர் குரல் கம்மத் தொடங்கியது. முதலில் சளி என்றார்கள், பிறகு தூசி என்றார்கள். மாசக்கணக்கில் அது சரியாகாததால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். குரல்வளையில் ஒரு கட்டி இருக்கிறது என்று துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"ரிசல்ட் வந்ததும் நாங்களே போன் பண்றோம். அதுவரைக்கும் பேசக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசுறதும் வேணாம், அது இன்னும் மோசம்" என்றார்.

வீடு அடங்கிப்போனது. அவர் பேசாத வீட்டில் எத்தனை சத்தம் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிரிட்ஜ் உறுமியது. குளியலறைக் குழாய் எங்கோ சுவருக்குள் முனகியது. அது ஏன் முனகுகிறது, எந்தத் திருகைத் தொட்டால் அடங்கும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. எதற்காக அப்படி நினைத்தோம் என்று புரிந்ததும் எழுந்து போய், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

அந்த வாரம் காரில், முன்னால் ஒன்றுமே இல்லாத ரோட்டில் அவள் மூன்று தடவை பிரேக் போட்டாள். கற்றுக்கொள்ள வந்த பெண் பயந்து அழுதுவிட்டாள். முதலாளிக்கு விஷயம் தெரியும். "கொஞ்ச நாள் வீட்டுல இருங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று மரியாதையாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். வேலைக்குப் போனாலாவது பொழுது நகரும். இப்போது அதுவும் போயிற்று.

இந்த நேரத்தில்தான் ஏரிக்கரைப் படகுக் கொட்டகையின் காவல்காரரிடமிருந்து போன் வந்தது. கொட்டகைக் கூரையைப் பிரிக்கப் போகிறார்கள். மழைக்கு முன் எல்லோரும் படகை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

"சும்மா தரையில போட்டுடாதீங்கக்கா, அடி உளுத்துப்போயிடும். தொட்டில் மாதிரி ஒண்ணு அடிச்சு அதுமேல உக்கார வைங்க. அண்ணனுக்குத் தெரியும், அவர் அடிச்சிடுவார்."

"அண்ணன் அடிக்க மாட்டார். நான் அடிக்கறேன்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான், ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியதைத் தவிர மரவேலை எதுவும் தனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் சொன்ன மாத்திரத்தில் நெஞ்சில் இருந்த இறுக்கம் ஒரு துளி தளர்ந்திருந்தது. கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

மறுநாள் பழைய மரக்கடைக்குப் போனாள். இடித்த வீடுகளின் கதவு, நிலை, உத்தரம் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். நீளமாக இரண்டு சட்டம், அகலமாக நாலு பலகை பொறுக்கினாள். அவள் மனதில் இருந்த கணக்கு எளிமையானது: நீளச் சட்டம் இரண்டும் தரையில் கிடக்கும்; அதன்மேல் முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை குறுக்கே நிற்கும்; படகின் வயிறு உட்காருகிற மாதிரி அந்தப் பலகைகளில் கிண்ணம்போல் ஒரு வளைவு வெட்டினால் முடிந்தது. எந்த இடுக்கில் எந்தக் கார் நுழையும் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறவள் அவள். கண்ணளவு தப்பாது என்று நம்பி, பென்சிலால் இரண்டு பலகையிலும் ஒரே மாதிரி வளைவு போட்டு அறுத்துவிட்டாள்.

பலகைகளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். படகு பழைய டயர்கள்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முன்பக்கப் பலகையை வைத்தாள். இடைவெளியில் ஒரு பூனை தாராளமாகப் போய்வரலாம். பின்பக்கப் பலகையோ பாதியிலேயே மாட்டிக்கொண்டு நின்றது.

காவல்காரர் பீடியை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். "என்னக்கா, கார் பம்பர்னு நெனைச்சீங்களா? இதுக்கு முன்னாடி ஒரு ஒடம்பு, நடுவுல ஒரு ஒடம்பு, பின்னாடி ஒரு ஒடம்பு."

"எல்லாரும் அப்படித்தான்" என்றாள் அவள், தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டு. அந்த வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த உடனே, எப்படிச் சிரித்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

இரண்டாவது தடவை புத்தியாகச் செய்தாள். மாடி வீட்டு மாமாவிடம் புது பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏரிக்கரையில் உட்கார்ந்து, அட்டையைப் படகின்மேல் வைத்து, கத்தரித்து, மறுபடி வைத்து, மறுபடி கத்தரித்து, அடியில் நீளமாகத் துருத்திய கட்டைக்கு மட்டும் தாராளமாக இடம் விட்டு, மற்ற இடத்தில் அட்டைக்கும் படகுக்கும் நடுவே விரல் நுழையாதபடி வந்ததும் எடுத்துக்கொண்டாள். கத்தரிக்கும்போது ஒவ்வொரு நிமிஷமும் மடியிலிருந்த போனைப் பார்த்தாள். மணி அடித்தால் கேட்காதா என்ன? கேட்கும். இருந்தாலும் பார்த்தாள்.

வீட்டுப் பின்புறம் பட்டறையாக மாறியது. சலவைத் தொட்டிமேல் பலகையைக் கிடத்தி, மாமாவிடமே இரவல் வாங்கிய மெஷின் ரம்பத்தால் அறுத்தாள். அவள் கணவர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பேசக் கூடாது, தூக்கக் கூடாது. கையில் ஒரு டம்ளரும் ஸ்பூனும் வைத்திருப்பார். அவள் ஏதாவது தப்பாகச் செய்யப்போனால் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவார். பொறுமையாகச் செய்கிறவர் அல்லவா. அவளுடைய அவசரம் முழுக்க அவருக்குத் தப்பாகத்தான் தெரிந்தது. டிங். ஆணி சாய்கிறது. டிங். ரம்பம் கோட்டை விட்டு விலகுகிறது. டிங், டிங்.

"அய்யோ, தட்டாதீங்க. கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்" என்று கத்திவிட்டாள்.

அவர் ஸ்பூனை டம்ளருக்குள் மெதுவாக வைத்தார். அவள் திரும்பிக்கொண்டு, மழமழவென்று ஆகிவிட்ட பலகையை உப்புத்தாளால் இன்னும் தேய்த்தாள்.

பகல் தூக்கம் கெட்டுப்போன மாடி வீட்டு மாமா படி இறங்கி வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; மத்தியானம் படுக்காவிட்டால் சாயங்காலம் யாரோடாவது சண்டை போடுவார். சண்டை போடத்தான் வந்தார். அட்டையையும் பலகையையும் பார்த்ததும் மூக்கை நுழைத்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"தொட்டில் மாமா."

"தொட்டிலா? உன் பையனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலியே?"

"படகுக்கு."

"படகுக்கா" என்று பலகையின் வளைவைத் தடவிப் பார்த்தார். "அப்ப சீக்கிரம் முடி. நான் இந்த முனையைப் புடிச்சுக்கறேன்." அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் தானாகவே இறங்கி வந்தார். சாயங்காலச் சண்டைக்குப் பதில் அதுவே ஆயிற்று.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வழக்கம்போல் போன் செய்தான். அவனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

"அப்பாகிட்ட குடும்மா."

"தூங்கறார்டா."

"நேத்தும் தூங்கறார்னுதானே சொன்னே? சாயங்காலம் ஆறு மணிக்கு அப்படி என்ன தூக்கம்?"

"படகு வேலை. அலைச்சல். நாளைக்குப் பேசச் சொல்றேன்." எதிரே உட்கார்ந்திருந்தவர் அவள் பொய்யைக் கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். அவள் போனை வைத்துவிட்டு, ஒன்றும் இல்லாத இடத்தில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெருக்கினாள்.

தொட்டில் ஒரு உருவத்துக்கு வந்தது. நீளச் சட்டம் இரண்டு, குறுக்கே வளைவு வெட்டிய பலகை இரண்டு. படகின் வயிற்றில் கீறல் விழாமல் இருக்க, வளைவின்மேல் பழைய கார் மிதியடியை வெட்டி ஒட்டினாள். அழுத்திப் பார்த்தாள், ஆடவில்லை. மாமா கைதட்டினார். அவள் கணவர் மட்டும் எழுந்து வந்து, குனிந்து பார்த்து, தலையை ஆட்டினார். கூடாது என்கிற ஆட்டல்.

"என்ன கூடாது? எல்லாம் அட்டைப்படி அச்சா இருக்கு."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றினார். அதை மறுபடி போட்டுக்கொண்டு, மூக்கின்மேல் விரலை வைத்து அழுத்திக் காட்டினார். பிறகு காதுகளைத் தொட்டு, அங்கே லேசாக விரலால் தட்டினார். அவளுக்கு முதலில் புரியவில்லை. எரிச்சலாக வந்தது. அவர் மறுபடி செய்தார்: மூக்கில் அழுத்தம், காதில் லேசு. அப்போதுதான் அவர் கடைக்கு வருகிறவர்களிடம் ஆயிரம் தடவை சொல்லி, இவள் ஆயிரம் தடவை காற்றில் விட்ட வாக்கியம் காதில் விழுந்தது. வெயிட்டு மூக்குல நிக்கணும் சார். காது சும்மா புடிச்சுக்கத்தான்.

படகுக்கு மூக்கு எது? அடியில் நீளமாக ஓடும் அந்தக் கட்டை. முழுப் பாரமும் அதன்மேல் நிற்க வேண்டும். பக்கப் பலகைகள் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். அவள் வெட்டிய வளைவிலோ, நடுவில் விட்ட இடைவெளியில் அடிக்கட்டை அந்தரத்தில் தொங்கும். அத்தனை பாரமும் மெல்லிய பக்கவாட்டுப் பலகையில் இறங்கும். மழைக்காலம் முடிவதற்குள் படகின் விலா எலும்பு உள்ளே போயிருக்கும்.

"இதைத்தான் அத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார். அவள் அரிவாள்மணை தேடுகிறவள் போலச் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். இரண்டு பலகையின் வளைவுக்கும் நடுவே இருந்த இடைவெளியை மரத்துண்டால் அடைத்து, அதில் அடிக்கட்டை உட்காரும் அளவுக்குப் பள்ளம் அறுத்தாள். அதற்கு நேர் கீழே, நீளச் சட்டங்களுக்கு நடுவில், கனமான கட்டை இரண்டு போட்டு முட்டுக் கொடுத்தாள். இந்தத் தடவை ஸ்பூன் சத்தம் வரவில்லை. ஏன் தட்டவில்லை என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போனும் வரவில்லை. இவளே கூப்பிட்டால், "வந்தா சொல்லுவோம்மா" என்றார்கள்.

வானம் கறுக்கத் தொடங்கிய ஒரு காலையில் படகைக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் கேன் போடுகிற வண்டிக்காரப் பெண் தன் வண்டியோடு வந்தாள். அவளும் பிரேக்கம்மாவிடம் படித்தவள்தான். காவல்காரரும் ஏறிக்கொண்டார். நிமிர்த்தி ஏற்றிய படகு வண்டியைவிட நீளம். பின்னால் துருத்திக்கொண்டு நின்றது. வாலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார்கள். தெரு முனையிலிருந்து வீட்டுப் பக்கவாட்டுச் சந்து வரை வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டி வர வேண்டும். பிரேக்கம்மா பக்கத்து சீட்டில் இருந்தாள். அவள் கால், இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கீழே கிடந்த காலிக் கேனை நசுக்கியது.

"அக்கா, நீங்க எறங்கி நின்னு பாருங்க. நீங்க உள்ள இருந்தா எனக்கு லைசென்ஸ் டெஸ்ட் ஞாபகம்தான் வருது" என்றாள் அந்தப் பெண். இறக்கிவிட்டுவிட்டு, ஒரே வளைப்பில் வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள்.

முன்னால் காவல்காரரும் வண்டிக்காரப் பெண்ணும், பின்னால் மாமாவும் பிரேக்கம்மாவும் தூக்கினார்கள். தூக்கக் கூடாதவர் கூடவே நடந்தார். அவர் கை இரண்டும் படகுக்கு அடியில், தொடாமல், காற்றைத் தாங்கிக்கொண்டு வந்தன. தொட்டிலுக்கு இன்னும் நாலடி இருக்கும்போது அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

அவளுடைய இரண்டு கையும் படகுக்கு அடியில். விட்டால் மாமாவின் காலில் விழும். போன் அடித்துக்கொண்டே இருந்தது. கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். எடுத்தாலும் அவரால் பேச முடியாது. எடுக்க அவர் கையும் நீளவில்லை.

"நடங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "மெதுவா. முன்னாடி எறக்குங்க. மாமா, இன்னும் கொஞ்சம் உங்க பக்கம்."

அடிக்கட்டை பள்ளத்தில் இறங்கியது. மரத்தோடு மரம் சேர்கிற சின்ன முனகல். படகு உட்கார்ந்தது. போன் நின்றுவிட்டிருந்தது.

திருப்பிக் கூப்பிட்டாள். லைன் பிஸி. மறுபடி. பிஸி. படகைச் சுற்றி நடந்துகொண்டே கூப்பிட்டாள். அவர் பின்னாலேயே நடந்தார். காவல்காரர் இருவரையும் பார்த்து மரியாதையாக வாசல்பக்கம் போய் நின்றுகொண்டார். மாமாவும் அந்தப் பெண்ணும் அவருடன் போனார்கள். ஆறாவதோ ஏழாவதோ தடவை மணி அடித்தது. அவர் குனிந்து, போனின் மறுபக்கத்தில் தன் காதை ஒட்டவைத்துக்கொண்டார்.

"கெட்ட கட்டி இல்லம்மா" என்றாள் மறுமுனையில் நர்ஸ். "சாதாரண முடிச்சுதான். சின்ன ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றார். அப்புறமும் ஒரு மூணு வாரம் பேசக் கூடாது."

"கெட்டது இல்லயா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாத்தாங்களா? வேற யாரோடதாவது மாறிடலயே?"

"மாறலம்மா. பேரு, வயசு எல்லாம் சரிபாத்துத்தான் கூப்பிடறேன்."

"கெட்டது இல்லயா?" என்று மறுபடி கேட்டாள். நர்ஸ் பொறுமையாக மறுபடி சொன்னாள். அவள் கணவர் நிமிர்ந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச வாய் திறந்தார். அவள் சட்டென்று அவர் வாயைக் கையால் பொத்தினாள். அவர் முகம் முழுக்க மரத்தூளும் வார்னிஷ் வாசனையும் ஆயிற்று.

ஆபரேஷன் அதற்குப் பிறகு நல்லபடியாக நடந்தது. குரலும் திரும்பி வந்தது, கொஞ்சம் கரகரப்போடு. மகனிடம் எல்லாவற்றையும் சொல்லி, இத்தனை நாள் மறைத்ததற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு, வந்தவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு அவள் செய்த முதல் காரியம் கோபப்பட்டதுதான். யார்மேல் என்று இல்லை. அட்டைத் துண்டுகளைக் காலால் உதைத்தாள். "இத்தனை நாள். ஒரு போன் பண்ண இத்தனை நாளா?" என்று சலவைத் தொட்டியிடம் கேட்டாள். படகின்மேல் தார்ப்பாயைப் போட்டு இழுத்துக் கட்டினாள். கட்டிய முடிச்சு பிடிக்காமல் அவிழ்த்து மறுபடி கட்டினாள். மீந்த ஆணிகளைப் பொறுக்கினாள். இன்னும் என்ன இருக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. உள்ளே போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து சோபாவில் ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தாள்.

மத்தியானம் மாடி வீட்டு மாமா இறங்கி வந்து கதவைத் தட்டப்போனார். சத்தமே இல்லாததால் அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். அவள் கணவர் முந்திக்கொண்டு வந்து கதவைப் பாதி திறந்து, உள்ளே கை காட்டினார். சோபாவில் அவள் வாய் திறந்தபடி, தலைமுடியெல்லாம் மரத்தூளாக, கையில் பிடித்த போனோடு உறங்கிக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் அசையாமல் கிடந்தன. பகலில் அவள் தூங்கி இருவருமே பார்த்ததில்லை.

மாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினார். வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. கொடியில் காய்ந்த துணிகளை அவள் கணவர் ஒவ்வொன்றாக எடுத்து வந்து, அவள் எழுந்துவிடாதபடி, சமையலறையில் நின்றுகொண்டே மடித்து வைத்தார்.